லைசென்ஸ் வாங்கப் போனால் ராணுவப் பட்டியலில் பெயர்: அமெரிக்காவின் ‘செலக்டிவ் சர்வீஸ்’ இணைப்பு

அமெரிக்காவில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் டி.எம்.வி. எனப்படும் மோட்டார் வாகனத் துறை அலுவலகத்துக்குப் போகிறான். கண் பரிசோதனை, புகைப்படம், கட்டணம், கையெழுத்து. சில வாரங்களில் வீட்டுக்கு இரண்டு தபால்கள் வருகின்றன. ஒன்றில் லைசென்ஸ் அட்டை. மற்றொன்றில், செலக்டிவ் சர்வீஸ் என்ற ராணுவ அழைப்புக்கான பட்டியலில் அவன் பெயர் பதிவாகிவிட்டது என்ற கடிதமும் ஒரு பதிவு எண்ணும். பிரித்துப் பார்க்கும் பெற்றோருக்கு வயிற்றைக் கலக்குகிறது: பையனை யார், எப்போது ராணுவத்தில் சேர்த்தார்கள்?

யாரும் சேர்க்கவில்லை. லைசென்ஸ் விண்ணப்பத்தில் அவன் போட்ட கையெழுத்துக்கு இரண்டாவது பொருள் ஒன்றும் இருந்தது, அவ்வளவுதான். அந்த இரண்டாவது பொருள் எப்படி வந்தது, எந்த மாநிலத்தில் எப்படி வேலை செய்கிறது, யாரையெல்லாம் தவறவிடுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். 2025 டிசம்பரில் வந்த புதிய சட்டம் இந்த ஏற்பாட்டையே ஓரங்கட்டக்கூடும் என்பதால் குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது.

பதிவு வேறு, டிராஃப்ட் வேறு

டிராஃப்ட் என்பது கட்டாய ராணுவ ஆள்சேர்ப்பு. பதிவு என்பது, டிராஃப்ட் என்றாவது தேவைப்பட்டால் யாரை அழைப்பது என்பதற்கான பெயர்ப்பட்டியல். அந்தப் பட்டியலை வைத்திருப்பது செலக்டிவ் சர்வீஸ் சிஸ்டம் என்ற தனி மத்திய அரசு அமைப்பு. அது பென்டகனின், அதாவது ராணுவத்தை நடத்தும் பாதுகாப்புத் துறையின் பிரிவு அல்ல.

வியட்நாம் போரின் இறுதியில், 1973-ல் டிராஃப்ட் முடிவுக்கு வந்தது. 1975-ல் அதிபர் ஃபோர்டு பதிவையும் நிறுத்தினார். 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததும் காற்று மாறியது. 1980 ஜூலை 2 அன்று அதிபர் கார்ட்டர் 4771-ஆம் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். பதிவு மீண்டும் தொடங்கியது. அன்றிலிருந்து பட்டியல் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதிலிருந்து ஒருவர்கூட இதுவரை கட்டாயமாக அழைக்கப்படவில்லை.

டிராஃப்ட் திரும்ப வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும், அதிபர் கையெழுத்திட வேண்டும். பிறகு பிறந்த தேதிகளை வைத்துக் குலுக்கல். அந்த ஆண்டில் 20 வயதை எட்டுபவர்களுக்கே முதல் அழைப்பு; அடுத்து 21 முதல் 25 வரை வரிசையாக; 19 வயதினரும் பதினெட்டரை வயதினரும் கடைசியில். அழைக்கப்பட்டவர்களுக்கு உடல், மனநலப் பரிசோதனை உண்டு. விலக்கு கேட்க உள்ளூர் வாரியங்கள் உண்டு. உத்தரவு வந்து 193 நாட்களுக்குள் முதல் ஆட்களை ஒப்படைக்க வேண்டும் என்பது அமைப்பின் திட்ட இலக்கு.

சிங்கப்பூர் உறவினர்களின் ‘என்.எஸ்.’ எனப்படும் கட்டாய தேசிய சேவை அனுபவத்தை வைத்து இதைப் புரிந்துகொள்ள முயன்றால் தடம் மாறிவிடும். அங்கே பதிவுக்குப் பின்னால் பரிசோதனையும் பயிற்சி முகாமும் வந்தே தீரும். அமெரிக்காவில் பதிவு பதிவோடு நிற்கிறது.

யார் பதிய வேண்டும்?

18 வயது நிறைந்து 26 வயது நிறையாத ஆண்கள். பிறந்தநாளுக்கு 30 நாள் முன்பிருந்து 30 நாள் பின்பு வரை உரிய காலம். தாமதமானாலும் 26-ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள் வரை ஏற்றுக்கொள்வார்கள். 26 ஆகிவிட்டால் கதவு மூடிவிடும்; அதன்பின் விரும்பினாலும் பதிய முடியாது. இந்த ஒரு வரிதான் பின்னால் வரும் சிக்கல்கள் பலவற்றுக்கும் வேர்.

பெண்களுக்குக் கடமை இல்லை. ஆண்களுக்கு மட்டும் என்பது செல்லும் என 1981-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை மறுஆய்வு செய்யக் கேட்ட வழக்கை 2021-ல் ஏற்க மறுத்தது. பாலினத்தைப் பொறுத்தவரை பிறப்பின்போது பதிவான பாலினத்தையே அமைப்பு கணக்கில் எடுக்கிறது.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு இது பொருந்தாது என்பது பரவலான தவறான எண்ணம். உண்மை நிலை இது:

1. கிரீன் கார்டு வைத்திருப்பவர், அகதி, தஞ்சம் கோரியவர்: பதிய வேண்டும்.
2. ஆவணமில்லாமல் தங்கியிருப்பவர்: அவரும் பதிய வேண்டும். பதிவுப் படிவத்தில் குடியேற்ற அந்தஸ்து பற்றிய கேள்வி கிடையாது.
3. எஃப்-1 (மாணவர்), எச்-1பி (பணியாளர்), எச்-4 (எச்-1பி பணியாளரின் குடும்பத்தினர்) போன்ற தற்காலிக விசாவில் சட்டப்படி இருப்பவர்: அந்த அந்தஸ்து 26 வயதுவரை முறியாமல் நீடித்தால் பதிய வேண்டியதில்லை. நடுவில் காலாவதியாகி, அதன்பிறகும் தங்கினால் கடமை வந்துவிடும்.
4. இரட்டைக் குடியுரிமை உள்ளவர், வெளிநாட்டில் வாழும் அமெரிக்கக் குடிமகன்: எங்கே இருந்தாலும் பதிய வேண்டும். அமெரிக்காவில் பிறந்து, மூன்று வயதில் பெற்றோருடன் சென்னைக்குத் திரும்பி, அங்கேயே வளர்ந்த பையனும் இதில் அடக்கம்.
5. வீட்டுக்கு ஒரே மகன் என்பது விலக்கு அல்ல. உடல் ஊனமும் பெரும்பாலான சமயம் பதிவிலிருந்து விலக்கு தராது. அதையெல்லாம் பார்ப்பது டிராஃப்ட் நேரத்தில்.

சிறைத் தண்டனையிலிருந்து லைசென்ஸ் கவுன்ட்டர் வரை

வேண்டுமென்றே பதியாமலிருப்பது சட்டப்படி பெருங்குற்றம்: ஐந்து ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். ஆனால் 1980-களில் வழக்குத் தொடரப்பட்டவர்கள் 20 பேர் மட்டுமே. கடைசிக் குற்றச்சாட்டு 1986-ல். பதியாதவர்களோ லட்சக்கணக்கில் இருந்தார்கள். அரசு அப்போது கையில் எடுத்தது பெரும்பாலும் வெளிப்படையாக மறுப்பை அறிவித்தவர்களையே. அது பேச்சுரிமையைத் தண்டிப்பதாகாதா என்ற வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. சட்டத்தில் வென்றாலும் நடைமுறையில் அந்த வழி நீடிக்கவில்லை. ‘வேண்டுமென்றே’ என்பதை ஒவ்வொருவர் விஷயத்திலும் நிரூபிக்க வேண்டும். ஒவ்வொரு விசாரணையும் மறுப்பாளருக்கு ஒரு மேடையாக அமையும்.

ஆகவே அரசு தடியைக் கீழே போட்டுவிட்டு முடிச்சுப் போடத் தொடங்கியது. 1982-ல் மாணவர் கல்வி உதவித்தொகை பதிவோடு கட்டப்பட்டது. 1985-ல் மத்திய அரசு வேலை. வேலைப் பயிற்சித் திட்டங்களும் சேர்ந்தன. குடியுரிமை விண்ணப்பத்திலும் கேள்வி இடம்பெற்றது.

பதியாதவர்களைத் தேடிப் பிடிக்க அமைப்பு பல இடங்களிலிருந்து பெயர்ப்பட்டியல்களைத் திரட்டியதும் அந்தக் காலத்தில்தான். மோட்டார் வாகனத் துறைப் பட்டியல்கள் அவற்றில் ஒன்று. ஓர் ஐஸ்கிரீம் கடைச் சங்கிலியின் பிறந்தநாள் கிளப் பட்டியலும் அவர்கள் கைக்கு வந்தது. பிறந்தநாளுக்குக் கிடைக்கும் இலவச ஐஸ்கிரீமுக்காகச் சிறுவர்கள் இட்டுக்கட்டியிருந்த ஒரு கற்பனைப் பெயருக்கு 1984-ல் ‘பதிவு செய்’ என்று நோட்டீஸ் போனது. சேகரித்த நோக்கம் ஒன்று, பயன்படுத்தும் நோக்கம் வேறு என்றானால் ஒரு பட்டியல் எப்படித் திரியும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடைக்காது.

2000-களின் தொடக்கத்தில் அடுத்த படி வந்தது. லைசென்ஸ் பட்டியலை வைத்து ‘பதியாதவர் யார்’ என்று தேடுவதற்குப் பதிலாக, லைசென்ஸ் விண்ணப்பத்தையே பதிவாக்கிவிடலாமே? டெலவேர், ஓக்லஹோமா, யூட்டா போன்ற மாநிலங்கள் முதலில் சட்டம் இயற்றின. இன்று ஏறத்தாழ 40 மாநிலங்களிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் ஏதோ ஒரு வடிவில் இந்த இணைப்பு உண்டு. கலிபோர்னியா நீண்ட காலம் தள்ளிப்போட்டு, 2024-ல்தான் சட்டம் இயற்றியது.

இதற்கு எடை கூடியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கல்லூரி உதவித்தொகைக்கான ‘ஃபாஃப்சா’ படிவத்திலிருந்த பதிவு நிபந்தனையை 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் நீக்கியது. அந்தப் படிவத்தில் ஒரு பெட்டியை டிக் செய்து பதிவாகிக்கொண்டிருந்த மாணவர் கூட்டம் அத்தோடு நின்றுபோனது. மிச்சமிருந்த பெரிய வாசல் டி.எம்.வி. மட்டும்தான்.

மத்திய அரசின் பட்டியலுக்கு மாநிலச் சட்டம் எதற்கு?

வாக்காளர் பதிவை 1993-ல் ஒரே மத்தியச் சட்டத்தின் மூலம் டி.எம்.வி.யோடு இணைத்தார்களே, இதையும் அப்படிச் செய்திருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. தேர்தல் விஷயத்தில் மத்திய நாடாளுமன்றத்துக்கு அரசமைப்பு தனி அதிகாரம் தருகிறது. மற்ற விஷயங்களில், மாநில அதிகாரிகளை மத்திய அரசு தன் திட்டத்துக்கு வேலையாட்களாக வைத்துக்கொள்ள முடியாது. 1997-ல், துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை உள்ளூர் ஷெரிஃப்கள் சரிபார்க்க வேண்டும் என்ற மத்தியச் சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் இந்தக் காரணத்துக்காகவே ரத்து செய்தது. 2018-லும் அதே கொள்கையை உறுதிசெய்தது.

ஓட்டுநர் உரிமம் மாநிலத்தின் விவகாரம். ஆகவே செலக்டிவ் சர்வீஸ் ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றத்தின் கதவையும் தனித்தனியாகத் தட்ட வேண்டியிருந்தது. விளைவு, ஒரே கடமைக்கு மாநிலத்துக்கு ஒரு விதி. தோராயமாக மூன்று வகை:

1. *விண்ணப்பமே சம்மதம்.* 26 வயதுக்குட்பட்ட ஆண் விண்ணப்பத்தைக் கொடுத்தாலே ஏற்கெனவே பதிந்துவிட்டார் அல்லது பதியச் சம்மதிக்கிறார் என்று பொருள். சம்மதம் இல்லையென்றால் லைசென்ஸும் இல்லை. கடுமையான வகை இது, பரவலானதும் இதுவே.
2. *வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு.* சொல்லாவிட்டால் தகவல் போய்விடும்; சொன்னாலும் லைசென்ஸ் கிடைக்கும்.
3. *விரும்பினால் மட்டும்.* பெட்டியை டிக் செய்தால்தான் தகவல் போகும்.

பக்கத்து மாநிலத்தில் இருக்கும் நண்பரின் மகனுக்குத் தானாக நடந்தது நம் வீட்டில் நடக்காமல் போவது இதனால்தான்.

கவுன்ட்டரில் கொடுத்த தகவல் எங்கே போகிறது?

1. விண்ணப்பதாரர் பழகுநர் உரிமம், லைசென்ஸ், புதுப்பித்தல், ஓட்டுநர் அல்லாத அடையாள அட்டை என ஏதோ ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறார். எவை இணைப்புக்குள் வரும் என்பது மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது.
2. படிவத்தில் சிறிய எழுத்தில் சம்மத வாசகம் இருக்கும். கையெழுத்து அதற்கும் சேர்த்துத்தான். இப்போது பெரும்பாலும் மின்திரையில் கையெழுத்துப் போடச் சொல்வதால், வாசகத்தைப் படிக்காமலே நகர்ந்துவிடுகிறார்கள்.
3. டி.எம்.வி. கணினி ஆண், வயது என்ற இரண்டையும் வைத்து விண்ணப்பங்களைப் பிரித்தெடுக்கிறது.
4. பெயர், பிறந்த தேதி, முகவரி, சோஷியல் செக்யூரிட்டி எண் (அரசு தரும் சமூகப் பாதுகாப்பு அடையாள எண்) ஆகியவை, மோட்டார் வாகனத் துறைகள் பொதுவாகப் பயன்படுத்தும் மின்வலையமைப்பு வழியாக அனுப்பப்படுகின்றன. அவை போய்ச் சேருமிடம் இல்லினாய் மாநிலத்தில், நார்த் சிகாகோ என்ற ஊரில் இருக்கும் செலக்டிவ் சர்வீஸ் தரவு மையம்.
5. 18 நிறையாதவரின் தகவல் உரிய வயது வரும்வரை காத்திருப்பில் வைக்கப்படுகிறது. 16 வயதில் போட்ட கையெழுத்து இரண்டு ஆண்டு கழித்து உயிர்பெறுவது இப்படித்தான்.
6. ஏற்கெனவே பதிவு இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்து, இல்லையென்றால் புதிய எண் தரப்படுகிறது. ஒப்புகைக் கடிதம் தபாலில் வரும்.

தரவு அத்தோடு நிற்பதில்லை. ராணுவத்தின் தன்னார்வ ஆள்சேர்ப்புக்காகப் பெயர், முகவரிகளைக் கொடுக்கவும் செலக்டிவ் சர்வீஸ் சட்டம் இடமளிக்கிறது. பதிவுக்குப் பிறகு ராணுவத்தின் ஆள்சேர்ப்பு விளம்பரத் தபால்கள் வந்து விழுவதைப் பார்த்து, டிராஃப்ட் நோட்டீஸ் என்று பதற வேண்டியதில்லை.

எங்கே இடறுகிறது?

இணைப்பு வந்த மாநிலங்களில் பதிவு எண்ணிக்கை கூடியது உண்மை. ஆனால் அடிப்படையான ஒரு குறை அதன் வடிவமைப்பிலேயே இருக்கிறது: விண்ணப்பம் கொடுக்கும் அந்த நாளில் என்ன நிலையோ அதை மட்டுமே டி.எம்.வி. பார்க்கும். பதியும் கடமையோ அதற்குப் பிறகும் முளைக்கலாம்.

ஓர் உதாரணம். எச்-4 விசாவில் இருக்கும் பையன் 17 வயதில் லைசென்ஸ் எடுக்கிறான். தற்காலிக விசா என்பதால் அவன் பெயர் போகவில்லை; போகவும் கூடாது. 20 வயதில் குடும்பத்துக்குக் கிரீன் கார்டு கிடைக்கிறது. கிடைத்த 30 நாட்களுக்குள் அவன் பதிய வேண்டும். கையிலிருக்கும் லைசென்ஸை அவசரமாக மாற்ற வேண்டிய தேவை எழவில்லையென்றால், டி.எம்.வி. பக்கமே அவன் போகமாட்டான். குடியேற்ற விண்ணப்பங்கள் வழியாகவும் தகவல் போக ஏற்பாடு உண்டு. ஆனால் போனதா என்று பார்க்காமல் நம்பியிருக்க முடியாது. ஃபாஃப்சா நினைவூட்டலும் இப்போது இல்லை. 27 வயதில் குடியுரிமைக்கு என்-400 படிவம் நிரப்பும்போதுதான், ‘செலக்டிவ் சர்வீஸில் பதிந்தீர்களா?’ என்ற கேள்வியை அவன் முதன்முதலாகப் பார்க்கிறான். பதியும் கதவு மூடி ஓராண்டு ஆகியிருக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. எஃப்-1 மாணவர் ஒருவர், கேட்ட எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்டுவிட்டு வருகிறார். பதிவுக் கடிதம் வந்து நிற்கிறது. அவருக்குக் கடமையே இல்லை. இது குற்றமுமில்லை. விசா ஆவணங்களின் நகலோடு செலக்டிவ் சர்வீஸுக்கு எழுதி நிலையைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். ஆனால் அதே திரையில் வரும் வாக்காளர் பதிவுக் கேள்வி அப்படிப்பட்டதல்ல. குடிமகன் என்று தவறாகச் சொல்லி வாக்காளராகப் பதிந்துவிட்டால் குடியேற்ற வாழ்க்கையே ஆட்டம் காணும். இரண்டு கேள்விகளும் அடுத்தடுத்து வரும்போது விரல் நிதானமாகவே நகர வேண்டும்.

மற்ற இடறல்கள்:

1. பொருந்தாத பெயர். தகப்பன் பெயரை இனிஷியலாகவோ குடும்பப் பெயராகவோ மாற்றி மாற்றி எழுதும் நம் வழக்கத்தால், லைசென்ஸில் ஒரு பெயரும் சோஷியல் செக்யூரிட்டி பதிவில் இன்னொன்றும் இருக்கும். பிறகு சரிபார்க்கும்போது ‘பதிவு இல்லை’ என்று வரலாம்.
2. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர். எண் இல்லாமல் லைசென்ஸ் கொடுக்கும் மாநிலங்களிலும் தானியங்கி ஒப்பீடு அந்த எண்ணையே பெரிதும் நம்பியிருக்கிறது. இவர்கள் காகிதப் படிவத்தில் தபால் வழியாகப் பதிவதே உறுதியான வழி.
3. வண்டி ஓட்டாதவர். பெருநகர இளைஞர்கள் பலர் லைசென்ஸே எடுப்பதில்லை. சென்னையில் வளரும் அமெரிக்கக் குடிமகனுக்கு எந்த டி.எம்.வி.யும் கடிதம் அனுப்பாது.
4. பழைய முகவரி. வீடு மாறினால் 10 நாட்களுக்குள் செலக்டிவ் சர்வீஸுக்குச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். சொல்பவர்கள் அபூர்வம். 18 வயதில் பெற்றோர் வீட்டு முகவரி, 20 வயதில் கல்லூரி விடுதி, 23-ல் வேறு மாநிலம். முதல் குலுக்கலில் அழைக்கப்படுபவர்கள் 20 வயதினர், அதாவது இப்படி இடம் மாறிக்கொண்டே இருக்கும் வயதினர்.

நான்காவது அம்சம் ஏற்பாட்டின் பயனையே கேள்விக்குள்ளாக்குகிறது. 1980-ல் பதிவு மீண்டும் தொடங்கியபோது செலக்டிவ் சர்வீஸின் இயக்குநராக இருந்தவர் பெர்னார்ட் ராஸ்ட்கர். அதே மனிதர் 2019-ல் தேசிய ஆணையம் ஒன்றின் முன் சாட்சியம் அளித்தபோது, இந்தப் பட்டியல் உபயோகமற்றது என்பதற்கும் கீழே என்ற பொருளில் பேசினார். பட்டியல் முழுமையாகவும் இல்லை, சரியாகவும் இல்லை என்பது அவர் வாதம். லைசென்ஸ் இணைப்பு தலைகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. தபால் எந்தக் கதவுக்குப் போக வேண்டும் என்பதை அதனால் நிலையாகச் சொல்ல முடிவதில்லை.

மறுப்பவர்களின் நிலை

மென்னோனைட், குவேக்கர் போன்ற அமைதிவாத கிறிஸ்தவப் பிரிவுகளில், போருக்கான எந்த ஒத்துழைப்பும் மனசாட்சிக்கு விரோதம் என்று கருதுபவர்கள் உண்டு. பதிவின்போது மனசாட்சி மறுப்பாளர் என்று குறிக்க அதிகாரப்பூர்வக் கட்டம் எதுவும் கிடையாது; அந்தக் கோரிக்கை டிராஃப்ட் வந்து அழைப்பு கிடைத்த பிறகே பரிசீலிக்கப்படும். காகிதப் படிவத்தின் ஓரத்தில் ‘நான் மனசாட்சி மறுப்பாளர்’ என்று எழுதி, நகல் எடுத்துப் பத்திரப்படுத்துவது பழைய வழக்கம். பின்னாளில் சான்றாகும் என்ற நம்பிக்கை. மின்திரையில் ஓரமே இல்லை. எழுத நினைப்பவர்கள் டி.எம்.வி. போவதற்கு முன்பே காகிதத்தில் பதிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பதியவே மறுப்பவருக்கு, முதல் வகை மாநிலங்களில், லைசென்ஸ் கிடையாது. பொதுப் போக்குவரத்து இல்லாத ஊர்களில் கார் இல்லாவிட்டால் வேலைக்குப் போக முடியாது. குற்றச்சாட்டு, வழக்கறிஞர், ஜூரி எதுவும் இல்லாமல் ஒருவருடைய அன்றாடத்தை முடக்கும் அளவுக்கு இது கனமான தண்டனை. மத்திய அரசு 1986-க்குப் பிறகு நீதிமன்றத்தில் செய்யத் துணியாததை, மாநில கவுன்ட்டர்கள் சத்தமில்லாமல் செய்துவருகின்றன.

ஆதரவாளர்களின் வாதத்திலும் பொருள் இருக்கிறது. தெரியாமல் பதியாமல் விட்டு, பின்னால் அரசு வேலையையும் குடியுரிமையையும் இழப்பவர்களில் பெரும்பாலோர் ஏழைகளும் புதிதாகக் குடியேறியவர்களுமே. தானாகப் பதிவாகிவிட்டால் அவர்களுக்குப் பாதுகாப்பு. இது உண்மைதான். ஆனால் அந்த இழப்புகளை உண்டாக்கியதே முன்பு போட்ட முடிச்சுகள்தான். கல்வி உதவித்தொகை முடிச்சை அவிழ்த்ததுபோல மற்றவற்றையும் அவிழ்த்திருந்தால், இந்தப் பாதுகாப்பே தேவைப்பட்டிருக்காது.

26 தாண்டியவர்களுக்கு

பதியாமல் 26 கடந்தவர்கள் விஷயத்தில் கேள்வி ஒன்றே: தெரிந்தும் வேண்டுமென்றும் தவிர்த்தாரா? குடியுரிமை விண்ணப்பத்தில் இது வயதுவாரியாகப் பார்க்கப்படுகிறது:

1. 26 வயதுக்குள்: இப்போதே பதிந்துவிட்டால் போதும். பதிய மறுத்தால் குடியுரிமை கிடைக்காது.
2. 26 முதல் 31 வரை: நன்னடத்தை பார்க்கப்படும் ஐந்தாண்டுக் காலத்துக்குள் வருவதால், வேண்டுமென்றே செய்யவில்லை என்று விண்ணப்பதாரர் நிறுவ வேண்டும். அமெரிக்கக் குடிமகளின் கணவராக மூன்றாண்டுக் கணக்கில் விண்ணப்பிப்பவருக்கு இந்த எல்லை 29.
3. 31-க்கு மேல்: அந்தக் காலவரம்புக்கு வெளியே என்பதால் பொதுவாகத் தடையாகாது.

அமெரிக்காவுக்கு முதன்முதலாக வந்ததே 26 வயதுக்குப் பிறகு என்றால் கடமையே கிடையாது. வந்த தேதியைக் காட்டினால் போதும்.

நடுப்பிரிவில் இருப்பவர்கள் செலக்டிவ் சர்வீஸிடம் ‘நிலை விளக்கக் கடிதம்’ கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அது மன்னிப்புக் கடிதமல்ல. அவர் பதிய வேண்டியவரா இல்லையா, விலக்கு இருந்ததா என்பதை மட்டும் சொல்லும். வேண்டுமென்றே தவிர்த்தாரா என்று முடிவு செய்வது குடியேற்ற அதிகாரியோ வேலை தரும் அரசுத் துறையோதான். 18 முதல் 26 வரையான ஒவ்வொரு மாதத்துக்கும் எந்த அந்தஸ்தில் இருந்தார் என்று காட்டும் பாஸ்போர்ட் பக்கங்கள், ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு), ஐ-20 (மாணவர் தகுதிச் சான்று), ஐ-797 (குடியேற்றத் துறையின் ஒப்புதல் அறிவிப்பு) நகல்களைக் கால வரிசையில் இணைக்க வேண்டும். மத்திய அரசு வேலைக்கு 31 என்ற எல்லை கிடையாது. ஐம்பது வயதில் விண்ணப்பித்தாலும் அந்தக் கேள்வி எழும்.

2025 டிசம்பர் சட்டம் எதை மாற்றுகிறது?

2026 நிதியாண்டுக்கான பாதுகாப்பு அங்கீகாரச் சட்டத்தில் 2025 டிசம்பர் 18 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். அதிலுள்ள ஒரு பிரிவு, பதியும் பொறுப்பைத் தனிமனிதரிடமிருந்து எடுத்துச் செலக்டிவ் சர்வீஸிடமே கொடுக்கிறது. மத்திய அரசின் பல துறைகளிடம் உள்ள தரவுகளை இணைத்து, உரிய வயது ஆண்களை அமைப்பே பதிவு செய்யும். அமலாக ஓராண்டு அவகாசம்; 2026 டிசம்பர் வரை.

மாநிலச் சட்டமன்றங்களைச் சுற்றிச் சுற்றி வந்த இருபது ஆண்டு உழைப்பு இதனால் பெருமளவு தேவையற்றதாகிறது. மத்திய அரசு தன் சொந்தத் தரவைப் பயன்படுத்துவதற்கு மாநில அனுமதி வேண்டாம். லைசென்ஸ் எடுக்காதவர், இணைப்பு இல்லாத மாநிலத்தில் இருப்பவர், கிரீன் கார்டு நடுவில் பெற்றவர் ஆகியோர் தவறிப்போவது குறையும். அதேவேளை, மாநிலச் சட்டங்கள் தாமாக மறைந்துவிடாது. அந்தந்தச் சட்டமன்றம் நீக்கும்வரை கவுன்ட்டரில் அதே சம்மத வாசகம் இருக்கும்.

சில சிக்கல்கள் புதிய ஏற்பாட்டுக்கும் அப்படியே இடம்பெயரும். யார் தற்காலிக விசாவில் இருக்கிறார், யாருடைய அந்தஸ்து எப்போது மாறியது என்பது மத்தியத் தரவுகளிலும் எப்போதும் புதுப்பித்த நிலையில் இருப்பதில்லை. பிறப்பின்போதைய பாலினம் எல்லாத் துறைப் பதிவிலும் ஒரேமாதிரி இருக்காது. முகவரி விஷயத்தில், பட்டியல் நீளும்; துல்லியம் தானாகக் கூடாது. குடியேற்றம், வரி, சமூகப் பாதுகாப்பு எனத் தனித்தனி நோக்கத்துக்குத் திரட்டிய விவரங்கள் ஒரே இடத்தில் கூடுவதில், அந்த ஐஸ்கிரீம் பட்டியலின் கேள்வி இன்னும் பெரிதாக எழும்.

இப்போது செய்ய வேண்டியவை

1. லைசென்ஸ் எடுத்ததால் பதிவாகியிருக்கும் என்று ஊகிக்க வேண்டாம். செலக்டிவ் சர்வீஸ் இணையதளத்தில் குடும்பப் பெயர், சோஷியல் செக்யூரிட்டி எண், பிறந்த தேதி கொடுத்துச் சரிபார்க்கலாம். இல்லையென்று வந்தால், பெயரின் மற்ற வடிவங்களையும் போட்டுப் பாருங்கள்.
2. பதிவு இல்லையென்றால், 26 ஆகாதவர்கள் அதே தளத்தில் சில நிமிடங்களில் பதியலாம். கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.
3. சரிபார்ப்புப் பக்கத்தை அச்செடுத்துக் குடியேற்றக் கோப்போடு வையுங்கள். ஒப்புகைக் கடிதம் வீடு மாறும்போது தொலையும் முதல் காகிதங்களில் ஒன்று.
4. 18-க்கும் 26-க்கும் இடையில் விசா அந்தஸ்து மாறினால், மாறிய 30 நாட்களுக்குள் இதை மறுபடி பாருங்கள். 18 வயதில் ஒருமுறை ‘நமக்குப் பொருந்தாது’ என்று முடிவுசெய்துவிட்டு மறந்துவிட்ட குடும்பங்களே பின்னாளில் அதிகம் மாட்டிக்கொள்கின்றன.
5. தற்காலிக விசாவில் இருந்து, கடமையே இல்லாமல் 26-ஐக் கடந்தவர்கள், பழைய ஐ-20, ஐ-797 தாள்களைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. பதினைந்து ஆண்டு கழித்து அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, பதியத் தேவையிருக்கவில்லை என்று காட்ட அவைதான் கைகொடுக்கும்.